ஒரே ஒரு ஹார்ன் 'ககாஃபனி' ஆகாது!

சிக்னலில் பச்சை விழ இன்னும் ரெண்டு செகண்ட் இருக்கு. அதற்குள் பஸ், ஆட்டோ, பைக் என ஆளாளுக்கு ஹார்ன் அடிக்கிறார்கள். பக்கத்துக் கடை ஸ்பீக்கரும் அலறுகிறது. காதைக் குடையும் இந்தக் கலவைக்கு ஆங்கிலத்தில் 'ககாஃபனி' என்று பெயர். உச்சரிக்கும்போது இரண்டாவது எழுத்தான 'கா'வில்தான் அழுத்தம்.

கிரேக்கத்தில் 'காகோஸ்' என்றால் கெட்டது, 'ஃபோனே' என்றால் ஒலி. டெலிபோன், மைக்ரோபோன், சிம்பனி எல்லாவற்றிலும் இருப்பது அதே 'ஃபோனே'தான். பல கருவிகள் இணைந்து ஒலித்தால் சிம்பனி. அதே கருவிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே கத்தினால் ககாஃபனி. காதுக்கு இனிய ஒலி 'யூஃபனி'. இதுதான் நேர் எதிர்ச்சொல்.

பலரும் சறுக்குவது இங்கேதான். சத்தம் அதிகமாக இருந்தாலே ககாஃபனி என்று எழுதிவிடுகிறார்கள். ஒரே ஒரு லாரி ஹார்ன் அலறினால் அது 'ப்ளேர்'. மிஷின் ஓடுகிற இடத்தில் விடாமல் கேட்கும் இரைச்சல் 'டின்'. மாடி வீட்டுப் பசங்க போடும் ஆட்டம் 'ராக்கெட்'. ககாஃபனிக்குப் பல ஒலிகள் வேண்டும், அவை பொருந்தாமலும் இருக்க வேண்டும்.

2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி, இந்தியாவில் குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். இது 'நாய்ஸ்' கணக்கு. ககாஃபனியை மீட்டர் வைத்து அளக்க முடியாது; அது காது சொல்லும் தீர்ப்பு.

அதனால்தான் மனிதக் குரல்களுக்கு இதைப் பயன்படுத்தும்போது கவனம் தேவை. ஊழியர்கள் ஒன்றுசேர்ந்து சம்பள உயர்வு கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை 'கிளாமர்' என்று எழுதினால், அங்கே ஒரு கோரிக்கை இருக்கிறது என்று பொருள். (சினிமா கிளாமர் வேறு, இது 'கூவியழை' என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.) அதையே 'ககாஃபனி ஆஃப் வாய்சஸ்' என்று எழுதினால், வெறும் கூச்சல் குழப்பம், காது கொடுக்க வேண்டாம் என்றாகிவிடும். தமிழில் 'முழக்கம்' என்பதற்கும் 'அமளி' என்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

அடுத்த முறை ஆபீஸ் மெயிலில் 'மீட்டிங் ஒரே ககாஃபனி' என்று தட்டும் முன் ஒரு நொடி யோசியுங்கள்: யாரும் ஒழுங்காகப் பேசவில்லையா, இல்லை நாம்தான் கேட்கவில்லையா?