மின்சாரக் கார்: உயர்ந்து நிற்பதா, தாழ்ந்து ஓடுவதா?

பெங்களூரில் வசதியுள்ள எந்தக் குடும்பத்தில் புதுக் கார் பற்றிப் பேச்சு எழுந்தாலும் முதலில் வரும் சொல் ‘எஸ்.யூ.வி.’ என்பதுதான். உயரமாக இருக்க வேண்டும், சாலையில் எடுப்பாகத் தெரிய வேண்டும், குண்டும் குழியும் உறைக்கக் கூடாது. இந்த மூன்றும் கிடைத்தால் போதும் என்கிறார்கள்.

முன்பு நிலைமை இப்படி இல்லை. அம்பாசடர், பிரீமியர் பத்மினி, 1984-ல் வந்த கான்டெஸா ஆகியவையே கௌரவத்தின் சின்னங்களாக இருந்தன. முன்னால் என்ஜின், நடுவில் ஆட்கள், பின்னால் டிக்கி என்று அமைந்த ‘செடான்’ வகைக் கார்கள் அவை. இன்றோ இந்தியாவில் விற்பனையாகும் கார்களில் பாதிக்கு மேல் எஸ்.யூ.வி. ரகங்கள்.

பெட்ரோல், டீசல் கார்களைப் பொறுத்தவரை இது அவரவர் விருப்பம் என்று விட்டுவிடலாம். மின்சாரக் காரில் அப்படி விட முடியாது. காரின் உருவம், அது ஒரு முறை சார்ஜ் செய்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதையே மாற்றிவிடுகிறது. ஐம்பது லட்சமோ ஒரு கோடியோ கொடுக்கப் போகிறவர்கள் இதைச் சற்றுத் தெரிந்துகொள்வது நல்லது.

பெங்களூருக்குப் புதிது அல்ல

மின்சாரக் கார் நமது ஊருக்குப் புதியது அல்ல. ஹொசூர் ரோட்டில் உள்ள பொம்மசந்திராவிலிருந்து ‘ரேவா’ என்ற சின்னஞ்சிறு மின்சாரக் கார் 2001-ல் வெளிவந்தது. இரண்டே கதவுகள். ஒரு முறை சார்ஜ் செய்தால் சுமார் 80 கிலோ மீட்டர் ஓடும். 2010-ல் மகிந்திரா கம்பெனி அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. அன்று ‘எலெக்ட்ரானிக் சிட்டி போய்த் திரும்பலாமா?’ என்று கேட்டவர்கள், இன்று ‘திருநெல்வேலி வரை நிற்காமல் போகலாமா?’ என்று கேட்கிறார்கள்.

ஒரே கம்பெனி, இரண்டு கார்கள்

செடானுக்கும் எஸ்.யூ.வி.க்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்க, ஒரே கம்பெனி ஒரே அடித்தளத்தில் செய்த இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம்.

மெர்சிடிஸ் பென்ஸ் கம்பெனியின் ‘ஈ.க்யூ.எஸ். 580’ என்ற செடான் 2022 செப்டம்பரில் 1 கோடியே 55 லட்சம் ரூபாய் விலையில் நமது நாட்டில் அறிமுகமாயிற்று. புனாவுக்கு அருகில் உள்ள சாக்கன் தொழிற்சாலையில் இது பூட்டப்பட்டது. இதன் பாட்டரி 107.8 கிலோவாட் மணி கொள்ளளவு உடையது. நமக்குப் பழகிய சொல்லில் சொன்னால் 107.8 யூனிட். இந்தியச் சோதனை முறையில் இது ஒரு சார்ஜுக்கு 857 கிலோ மீட்டர் ஓடும் என்று சான்று பெற்றது.

அதே பெயரில் எஸ்.யூ.வி. 2024 செப்டம்பரில் வந்தது. அறிமுக விலை 1 கோடியே 41 லட்சம். ஏழு பேர் உட்காரலாம். பாட்டரி இன்னும் பெரியது; 122 யூனிட். ஆனால் ஓடும் தூரமோ 809 கிலோ மீட்டர்தான்.

பாட்டரி 14 யூனிட் அதிகம்; தூரம் 48 கிலோ மீட்டர் குறைவு. செடான் ஒரு யூனிட்டில் ஏறத்தாழ 8 கிலோ மீட்டர் போகிறது. எஸ்.யூ.வி. சுமார் 6.6 கிலோ மீட்டர் போகிறது.

காற்று கேட்கும் கூலி

இதற்குக் காரணம் என்ன? முக்கியமான காரணம் காற்று.

ஓடுகிற கார் காற்றைப் பிளந்துகொண்டுதான் செல்ல வேண்டும். அந்தத் தடை இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. ஒன்று, முன்னாலிருந்து பார்த்தால் கார் எவ்வளவு பரப்பை அடைக்கிறது என்பது. மற்றொன்று, அதன் உடல் எவ்வளவு வழவழப்பாகக் காற்றை விலக்குகிறது என்பது. இரண்டாவதை ஓர் எண்ணால் குறிப்பார்கள். அது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. ஈ.க்யூ.எஸ். செடானுக்கு அந்த எண் 0.20, அதன் எஸ்.யூ.வி.க்கு 0.26. உயரத்திலும் எஸ்.யூ.வி. சுமார் 20 சென்டி மீட்டர் கூடுதல்.

சில்க் போர்டு சந்திப்பில் ஊர்ந்து போகும்போது காற்றுத் தடை ஒரு பொருட்டே அல்ல. நகருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு இந்த வேறுபாடு அதிகம் தெரியாது. கிருஷ்ணகிரி தாண்டி நாற்கர நெடுஞ்சாலையில் 100 கிலோ மீட்டர் வேகத்தைத் தொடும்போதுதான் கணக்கு மாறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத் தடை நான்கு மடங்காகும். பெட்ரோல் காரில் இந்தச் செலவு பம்பில் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். மின்சாரக் காரில் சார்ஜ் செய்யும் இடத்தில் காத்திருக்க வேண்டும்.

மிச்சம் பணமா, நேரமா?

சோதனைக்கூடத்தில் சொல்லும் தூரம் சாலையில் கிடைப்பதில்லை. பத்தில் ஏழு பங்கு கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், செடான் 600 கிலோ மீட்டர் போகும், எஸ்.யூ.வி. சுமார் 566 கிலோ மீட்டர் போகும்.

பெங்களூரிலிருந்து சென்னைக்குச் சுமார் 350 கிலோ மீட்டர். இந்தப் பயணத்தை இரண்டு கார்களுமே இடையில் சார்ஜ் செய்யாமல் முடித்துவிடும். எஸ்.யூ.வி. கூடுதலாகச் செலவிடுவது சுமார் 12 யூனிட். வெளியில் சார்ஜ் செய்ய யூனிட்டுக்கு 20 ரூபாய் என்று வைத்தால் 240 ரூபாய். ஒரு கோடி ரூபாய் காரில் போகிறவருக்கு இது காபி, டிபன் செலவு. ஆகவே ‘செடான் வாங்கினால் பணம் மிச்சம்’ என்ற வாதத்தை நம்பி யாரும் முடிவு செய்ய வேண்டியதில்லை.

மிச்சமாவது நேரம். திருநெல்வேலி சுமார் 600 கிலோ மீட்டர். அவ்வளவு தூரத்தில் இரண்டு கார்களுக்கும் உள்ள வேறுபாடு சுமார் 21 யூனிட். 60 கிலோவாட் வேகத்தில் சார்ஜ் ஏற்றும் நிலையத்தில் அதற்கு 20 நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகும் கூட்டத்தில், நமக்கு முன்னால் இரண்டு கார்கள் நின்றுவிட்டால் அந்த 20 நிமிடம் ஒரு மணி நேரமாகிவிடும். பின்சீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு காத்திருப்பவர்களுக்கே அதன் அருமை தெரியும்.

மேட்டு நிலத்தின் கணக்கு

பெங்களூர்வாசிகள் நினைவில் வைக்க வேண்டிய இன்னொரு விஷயம் உண்டு. நமது ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. சென்னைக்குப் போகும்போது கார் மொத்தத்தில் இறங்குகிறது. சரிவில் மின்சாரக் காரின் மோட்டாரே ஜெனரேட்டராக மாறிப் பாட்டரிக்குச் சிறிது மின்சாரத்தைத் திருப்பித் தரும். திரும்பி வரும்போது ஏற வேண்டும். ஆட்களோடும் சாமானோடும் சுமார் 2.9 டன் எடையுள்ள காரை 900 மீட்டர் உயரத்துக்குத் தூக்க மட்டும் ஏறத்தாழ 7 யூனிட் வேண்டும்.

இந்த ஏற்றக் கூலி செடானுக்கும் உண்டு, எஸ்.யூ.வி.க்கும் உண்டு. எடை அதிகமான வண்டிக்குச் சற்று அதிகம். போகும்போது கிடைத்த தூரம் வரும்போதும் கிடைக்கும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது.

உட்காரும் சுகம்

மின்சாரக் கார்களில் கனமான பாட்டரி தரைக்கு அடியில் படுக்க வைக்கப்பட்டிருக்கிறது. இதனால் எடை கீழே தங்குகிறது. கார் தாழ்வாகவும் இருந்தால் வளைவுகளில் ஆட்டம் மேலும் குறையும். ஏற்காடு மலைப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் பிரட்டுகிறது என்று சொல்கிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் அதே பாட்டரி காரின் தரையையும் உயர்த்திவிடுகிறது. செடானில் கூரை தாழ்வு என்பதால் சீட்டை அதற்கேற்ப உயர்த்த முடியாது. விளைவு, சில செடான்களில் பின்சீட்டில் உட்கார்ந்தால் முழங்கால் மேலே தூக்கி நிற்கும். தொடைக்குப் பிடிமானம் இருக்காது. அரை மணி நேரம் தெரியாது. சேலம் வருவதற்குள் தெரிந்துவிடும்.

வயதானவர்கள் உள்ள வீடுகளில் இதை முதலில் பார்க்க வேண்டும். மூட்டு வலி உள்ள அம்மாவோ மாமனாரோ தாழ்வான சீட்டில் இறங்கி உட்கார்ந்து மீண்டும் எழுவது கஷ்டம். மிக உயரமான எஸ்.யூ.வி.யில் ஏறுவதும் கஷ்டம். இடுப்பு உயரத்தில் சீட் இருப்பதே அவர்களுக்கு வசதி. ஷோரூமுக்கு மகனும் மருமகளும் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடக் கூடாது. பெரியவர்களையும் அழைத்துச் சென்று இரண்டு மூன்று முறை ஏறி இறங்கச் சொல்ல வேண்டும்.

வேகத்தடையும் வெள்ளமும்

எஸ்.யூ.வி. பக்கம் உள்ள நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவின்படி வேகத்தடை 10 சென்டி மீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டு, மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். நமது தெருக்களில் பலவற்றில் அது சுவர் போல எழுந்து நிற்கிறது. தாழ்வான செடானில் ஐந்து பேர் உட்கார்ந்து டிக்கியையும் நிரப்பிவிட்டால் அடிப்பாகம் உரசும் அபாயம் உண்டு. மின்சாரக் காரில் அங்கே இருப்பது பாட்டரி. காரிலேயே விலை உயர்ந்த பாகம். உயர்ந்த விலைக் கார்கள் சிலவற்றில் காற்று சஸ்பென்ஷன் உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் கார் சற்று உயரும். அது இல்லாத காரை, வாங்கும் முன் நம் வீட்டுத் தெரு வழியாக ஆட்களை ஏற்றி ஓட்டிப் பார்ப்பதே வழி.

அடுத்தது மழை. 2022 செப்டம்பரில் பெய்த மழையில் வெளிவட்டச் சாலையும் ஏமலூர் பகுதிக் குடியிருப்புகளும் மூழ்கியதை நகரம் மறந்திருக்காது. கோடி ரூபாய்க் கார்கள் தண்ணீரில் நின்றன. பாட்டரிப் பெட்டிக்குள் தண்ணீர் புகாதபடி காப்பு உண்டு என்றாலும், காரின் உட்புறத்தில் தண்ணீர் ஏறினால் மின்னணுச் சாதனங்கள் கெடும். தேங்கிய நீரில் எஸ்.யூ.வி. சற்று அதிகம் தாங்கும். ஆனால் அடித்தள பார்க்கிங்கில் வெள்ளம் புகுந்தால் அதுவும் தப்பாது.

பஞ்சரையும் யோசிக்க வேண்டும். மின்சாரக் கார்களில் பல மாடல்களுக்கு ஸ்டெப்னி கிடையாது. காற்று அடிக்கும் பம்பும் ஒட்டும் திரவமும் மட்டுமே தருவார்கள். இது இரு வகைக்கும் பொது.

தெருவில் நடக்கிறவர்

கார் வாங்கும்போது காருக்குள் இருப்பவரைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். வெளியே நடந்து போகிறவரும் கணக்கில் வர வேண்டும்.

அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்பை ஆராயும் இன்ஷூரன்ஸ் துறை அமைப்பு ஒன்று 2023-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பானெட்டின் முனை 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி பாதசாரி மீது மோதினால், 30 அங்குலமும் அதற்குக் குறைவாகவும் சரிந்த முகப்புடனும் உள்ள காரைவிட உயிர்ச்சேதம் சுமார் 45 சதவீதம் அதிகமாக நேரக்கூடும் என்று அது கண்டது. தாழ்ந்த கார் காலில் மோதும். உயர்ந்த வண்டி மார்பிலும் தலையிலும் மோதும். உயரமான பானெட்டுக்கு முன்னால் நிற்கும் சிறு குழந்தை டிரைவர் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம்.

நடைபாதையே சரியாக இல்லாத சிவாஜி நகர், அல்சூர் சந்துகளில் வண்டி ஓட்டுகிறவர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. வீட்டு வாசலில் விளையாடுவது நம் குழந்தையாகவும் இருக்கலாம்.

வரியும் விலையும்

மின்சாரக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 2019 ஆகஸ்டு முதல் 5 சதவீதம்தான். பெரிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22-ல் வந்த மாற்றத்தின்படி 40 சதவீதம். மின்சாரக் கார்களுக்குக் கர்நாடகத்தில் இருந்த முழு வரிவிலக்கு, 25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்டவற்றுக்கு 2024-ல் நீக்கப்பட்டது. ஆயுள் வரி 10 சதவீதம் விதிக்கப்பட்டது. செடானா எஸ்.யூ.வி.யா என்ற வேறுபாடு இந்த வரிகளில் இல்லை. ‘எஸ்.யூ.வி.க்கு வரி அதிகம்’ என்ற பழைய பேச்சு மின்சாரக் காருக்குப் பொருந்தாது.

வேறுபாடு இருப்பது மாடல்களின் எண்ணிக்கையில். பி.எம்.டபிள்யூ. கம்பெனி 2022-ல் ‘ஐ4’ செடானையும் 2023-ல் ‘ஐ7’ செடானையும் கொண்டுவந்தது. சீனாவின் பி.ஒய்.டி. கம்பெனி 2024 மார்ச்சில் ‘சீல்’ என்ற செடானை 41 லட்சத்தில் தொடங்கி விற்க முன்வந்தது. ஆனால் செங்கல்பட்டு அருகே பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலையில் பூட்டப்பட்டு 2025 ஜனவரியில் 49 லட்சத்துக்கு வந்த ‘ஐ.எக்ஸ்.1’ எஸ்.யூ.வி. ரகம். மகிந்திராவின் புதிய மின்சாரக் கார்களும் எஸ்.யூ.வி. ரகங்களே. செடான் தேடுகிறவருக்குக் கடையில் பொறுக்க அதிகம் இல்லை என்பதே உண்மை.

யாருக்கு எது?

வீட்டில் ஆறு ஏழு பேர் சேர்ந்து பயணம் செய்வது வழக்கம் என்றால் எஸ்.யூ.வி.தான். பண்ணை வீட்டுக்கோ எஸ்டேட்டுக்கோ மண் பாதையில் போக வேண்டியவருக்கும், மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் பகுதியில் குடியிருப்பவருக்கும் அதுவே பொருத்தம்.

நான்கு பேர் குடும்பம், தார் ரோடு, மாதம் ஒரு முறையாவது சென்னைக்கோ கோவைக்கோ மதுரைக்கோ நெடும்பயணம் என்று இருப்பவருக்குச் செடானே ஏற்றது. அதே பாட்டரியில் அதிக தூரம், வளைவில் ஆட்டமின்மை, காற்றின் இரைச்சல் குறைவு ஆகியவை அதன் பலன்கள்.

எதை வாங்கினாலும் மூன்றை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். வீட்டில் சார்ஜ் செய்ய இடமும் போதிய மின்பளுவும் உண்டா? 11 கிலோவாட் இணைப்பு இருந்தாலே 107.8 யூனிட் பாட்டரி நிரம்ப ஏறத்தாழ 10 மணி நேரம் ஆகும். அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் சங்கத்தின் அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். இரண்டாவது, பாட்டரிக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம்? கம்பெனிக்குக் கம்பெனி இது மாறுகிறது. மூன்றாவது, ஐந்தாறு ஆண்டுகளில் விற்றால் என்ன விலை போகும்? உயர்ந்த விலை மின்சாரக் கார்களின் மதிப்பு வேகமாக இறங்குவதைக் கவனத்தில் கொள்வது நல்லது.

வருடத்தில் பத்து நாள் வரக்கூடிய தேவையை நினைத்து, மீதி முந்நூற்று ஐம்பத்தைந்து நாளும் தேவைக்கு மேல் பெரிய வண்டியை ஓட்டுகிறவர்கள் நம்மிடையே அதிகம். அந்தப் பத்து நாளுக்கு ஒரு வாடகை வண்டி போதும். மீதி நாட்களில் எந்தச் சாலையில், யாரை ஏற்றிக்கொண்டு, எவ்வளவு தூரம் போகிறோம் என்று ஒரு மாதம் குறித்து வைத்துப் பார்த்துவிட்டு ஷோரூமுக்குப் போனால், செடானா எஸ்.யூ.வி.யா என்ற கேள்விக்கு அந்தக் குறிப்பே பதில் சொல்லிவிடும்.