நடுவிலே ஒரு சொல்

பழவேற்காட்டு மீனவத் தோழனிடம், "உன் படகு எதிரியின் கையில் சிக்கிவிடக் கூடாது, ஆகவே பறிக்கிறோம்" என்றால் என்ன கேட்பான்? "என் பிள்ளைகுட்டி எதைத் தின்னும்?" என்பான்.

ஆங்கிலத்தில் 'லெஸ்ட்' என்றொரு பழைய இணைப்புச் சொல் உண்டு. பேச்சிலே அருகிவிட்டது. ஆனால் போர்க்கால ஏடுகளில் அதற்கு நல்ல வாழ்வு! விளக்கை அணை, எதிரி கண்டுவிடாதபடி. வாயை மூடு, ஒற்றன் கேட்டுவிடாதபடி. அந்த 'விடாதபடி'தான் 'லெஸ்ட்'. தமிழில் அதற்குத் தனிச் சொல் இல்லை. வினையோடு ஒட்டியே சொல்கிறோம். முன்னே கட்டளை, பின்னே அச்சம், நடுவிலே அச்சொல். நட்டம் யாருக்கு? அதை மட்டும் அது சொல்லாது!

பழவேற்காட்டை நனைக்கும் அதே கடலின் வடகரை, வங்கம். 1942-ல், ஜப்பானியர் கையில் சிக்கிவிடாதபடி, பத்துப் பேர் ஏறக்கூடிய படகுகளை வெள்ளை அரசு அங்கே பறித்தது. பல்லாயிரம் படகுகள் போயின. மீன் பிடிக்கவும் வழியில்லை, நெல் ஏற்றவும் வழியில்லை. 1943-ல் பெரும் பஞ்சம். விலையேற்றமும் பதுக்கலும் சேர்ந்து கொன்றன என்பதையும் மறைக்கமாட்டோம். மாண்டோர் 15 லட்சம் என்றது அரசு அமைத்த விசாரணைக் குழு. 30 லட்சம் வரை கணக்கிடுகின்றனர் ஆய்வாளர். 'பஞ்சம்' என்று எழுதவே ஏடுகள் தயங்கிய தணிக்கைக் காலம் அது. கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்', வெள்ளையர் ஏடுதான், அந்த ஆகஸ்டில் படங்களை வெளியிட்டு உண்மையை உடைத்தது.

இன்றும் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் நாளில், விபத்து நேர்ந்துவிடாதபடி, பழவேற்காட்டுப் படகுகள் கரையில் நிற்கின்றன. எச்சரிக்கை நியாயமானதே. அன்றைய கூலி?