"கல்யாணம் ஆகிவிட்டதா?" – வாசலிலேயே முடிந்த நேர்காணல்

2023 மார்ச் மாதம். வாட்ஸ்அப்பில் வந்த வேலை விளம்பரத்தைப் பார்த்து, இருபதுகளில் இருந்த சகோதரிகள் இருவர் சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூரில் உள்ள ஃபாக்ஸ்கான் ஐபோன் தொழிற்சாலைக்குச் சென்றார்கள். வாசலில் இருந்த காவலர் கேட்டது ஒரே கேள்வி: "கல்யாணம் ஆகிவிட்டதா?" ஆகிவிட்டது என்றதும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். படிப்பையும் கேட்கவில்லை, திறமையையும் சோதிக்கவில்லை.

2024 ஜூன் 25 அன்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் இதை வெளியிட்டது. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், அதிக விடுப்பு ஆகியவற்றைக் காரணம் காட்டி மணமான பெண்கள் தவிர்க்கப்பட்டதாக, ஆள் சேர்ப்பு முகவர்களும் முன்னாள் மனிதவள அதிகாரிகளும் அதில் கூறியிருந்தனர். பெண்கள் அணியும் நகைகள் உற்பத்தியைப் பாதிக்கும் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. உற்பத்தி மும்முரமான காலங்களில் மட்டும் இந்தத் தடை தளர்த்தப்பட்டதாம். பாகுபாடு காட்டுவதாகக் கூறப்படுவதை நிறுவனம் மறுத்தது. மறுநாளே மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையமும் நோட்டீஸ் அனுப்பியது.

மதுரை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளும் இத்தகைய வேலைகளை நம்பி இரவுப் பேருந்து ஏறுகிறார்கள். எனவே சட்டம் என்ன சொல்கிறது என்பதை நமது குடும்பங்கள் அறிந்திருப்பது அவசியம்.

அரசமைப்புச் சட்டத்தின் 14, 15, 16ஆம் பிரிவுகள் சமத்துவத்தை உறுதி செய்கின்றன. ஆனால் அவை முதன்மையாக அரசைத்தான் கட்டுப்படுத்தும். வெளியுறவுப் பணியில் மணமான பெண்ணுக்கு எதிராக இருந்த விதிகளை 1979இல் முத்தம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. திருமணம் செய்ததற்காக 1988இல் பணிநீக்கம் செய்யப்பட்ட ராணுவச் செவிலியர் ஒருவருக்கு 60 லட்சம் ரூபாய் வழங்க 2024 பிப்ரவரியில் உத்தரவிட்டது. ஆனால் அந்த நீதிக்காக அவர் 36 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

தனியார் நிறுவனங்களுக்குப் பொருந்தியது 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம். அதன் 5ஆம் பிரிவு, ஆள் சேர்ப்பில் பெண்களுக்குப் பாகுபாடு காட்டுவதைத் தடுத்தது. இப்போது அதன் இடத்தில் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. இரண்டிலும் ஆள் சேர்ப்பில் பாகுபாட்டைத் தடுக்கும் பிரிவில் 'திருமணம்' என்ற சொல் நேரடியாக இல்லை. நிறுவனங்கள் நுழையும் இடைவெளி இதுதான். ஆனாலும் மணமான ஆணை எடுத்துக்கொண்டு மணமான பெண்ணை மட்டும் ஒதுக்கினால், அது பெண் என்பதற்காகக் காட்டும் பாகுபாடுதானே?

இதன் பாதிப்பு வேலையோடு நிற்பதில்லை. வேலைக்காக நிக்காஹ்வைத் தள்ளிப்போடுவதும், கருகமணியைக் கழற்றி வைத்துவிட்டு மணமாகவில்லை என்று பொய் சொல்வதும் வீடுகளுக்குள் வந்துவிடும். பெண் பிள்ளைகளை அந்த நிலைக்குத் தள்ளாமல் என்ன செய்யலாம்?

புறப்படும் முன்பே நிபந்தனைகளை எழுத்தில் கேளுங்கள். விளம்பரத்தையும் முகவரின் குறுஞ்செய்தியையும் அழிக்காமல் வையுங்கள். வேலை வாங்கித் தர முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். திருப்பி அனுப்பினால் தேதி, நேரம், சொன்ன காரணம் ஆகியவற்றை அன்றே குறித்துவைத்து, தொழிலாளர் துறைக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். புகாருக்குப் பலன் இருக்குமா என்று சோர்ந்துவிட வேண்டாம். ஃபாக்ஸ்கான் செய்தி வெளியான பிறகு, விளம்பரங்களில் திருமணம், வயது, பாலினம் போன்ற நிபந்தனைகளைப் போட வேண்டாம் என்று முகவர்களிடம் அந்நிறுவனம் கூறியதாக 2024 நவம்பரில் செய்தி வந்தது. விளம்பரம் மாறியது போல வாசலும் மாறியதா என்பதைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

நம்மிலும் ஜவுளிக்கடை, பள்ளிக்கூடம், மருத்துவமனை நடத்துவோர் இருக்கிறார்கள். "கல்யாணம் எப்போது?", "குழந்தை இருக்கிறதா?" என்ற கேள்விகள் அங்கும் கேட்கப்படுகின்றன. வேலைக்கு வருபவரிடம் பார்க்க வேண்டியவை இரண்டுதான்: வேலைக்குரிய வலிமை இருக்கிறதா, நம்பிக்கைக்குரியவரா. மணமானவர் என்பது இந்த இரண்டில் எதையும் குறைத்துவிடாது. அடுத்த முறை ஒரு சகோதரி விண்ணப்பத்தோடு உங்கள் கடை வாசலில் நிற்கும்போது, அவருக்குத் தெரிந்த வேலையைப் பற்றி முதலில் கேளுங்கள்.