பிடித்தவருக்குப் புள்ளி, துணை நின்றவருக்கு என்ன? கபடி கார்னர் இணையை எண்களால் அளப்பது எப்படி

விஜயபுரம்: எதிரணியின் ரைடர் கோட்டைத் தாண்டி உள்ளே வருகிறார். இடது கார்னரில் நிற்கும் வீரர் இரண்டு அடி முன்னேறி அவருடைய வழியை அடைக்கிறார். ரைடர் வலப்பக்கம் திரும்புகிறார். அங்கே காத்திருந்த வலது கார்னர் அவருடைய கணுக்காலைப் பற்றிக்கொள்ள, மற்றவர்கள் பாய்ந்து மடக்குகின்றனர். அணிக்கு ஒரு புள்ளி. அந்தப் புள்ளி வலது கார்னரின் பெயரில் பதிவாகிறது. வழியை அடைத்த இடது கார்னரின் கணக்கில் எதுவும் சேர்வதில்லை.

கபடியில் தடுப்பாட்டம் கூட்டு வேலை. ஆனால் அதன் பதிவேடு தனிநபர் கணக்காகவே எழுதப்படுகிறது. இந்த முரண்பாடு வெறும் விவாதப் பொருள் அன்று. புரோ கபடி லீக்கின் அண்மைக்கால ஏலங்களில் நான்காம் பிரிவு வீரரின் அடிப்படை விலை 9 லட்சம் ரூபாய். முதல் பிரிவுக்கு 30 லட்சம் ரூபாய். முன்னணித் தடுப்பாட்ட வீரர்கள் 1 கோடி ரூபாயைத் தாண்டியும் விலைபோயுள்ளனர். யாருடைய பெயரில் எத்தனை டேக்கிள் புள்ளிகள் உள்ளன என்பது ஒரு வீரரின் பிழைப்பையே தீர்மானிக்கும் கேள்வியாகிவிட்டது.

தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் விஜயபுரம், நகரி போன்ற எல்லையோரப் பகுதிகளுக்குத் தமிழ் தலைவாஸ், தெலுங்கு டைட்டன்ஸ் இரண்டுமே அக்கம்பக்கத்து அணிகள். அந்த அணிகளின் ஆட்டத்தைப் பார்ப்பவர்கள், புள்ளிப் பட்டியல் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை அறிந்துகொள்வது பயனுள்ளது.

கார்னர் இணை ஏன் முக்கியம்?

கபடிக் களத்தில் ஓர் அணிக்கு ஏழு பேர். ஆடவர் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. தடுப்பு வரிசையின் இரு முனைகளிலும் நிற்பவர்கள் கார்னர்கள். அவர்களுக்கு உட்புறமாக நின்று மோதித் தள்ளுபவர்கள் கவர் வீரர்கள். கணுக்கால் பிடியும் தொடைப் பிடியும் கார்னர்களின் முதன்மை ஆயுதங்கள். ரைடர் போனஸ் கோட்டை நோக்கிக் காலை நீட்டும்போது அந்தக் காலுக்கு மிக அருகில் இருப்பவர்களும் அவர்களே.

இரு கார்னர்களும் எதிரெதிர் முனைகளில் நின்றாலும் ஒருவரின் அசைவு மற்றவரைக் கட்டுப்படுத்துகிறது. ஒருவர் முன்னேறினால் மற்றவர் பின்வாங்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் முன்னேறினால் ரைடர் இருவரையும் தொட்டுவிட்டு நடுவழியே தப்பிவிடுவார். எனவேதான் பயிற்சியாளர்கள் கார்னர்களை இணையாகவே பார்க்கின்றனர்.

தலைவாஸ் தரும் உதாரணம்

2017-இல் ஐந்தாவது சீசனில் லீக்கில் நுழைந்த தமிழ் தலைவாஸ் அணியில் இதற்குத் தெளிவான உதாரணம் உண்டு. 2021-22-இல் பெங்களூருவில் நடைபெற்ற எட்டாவது சீசனில் அந்த அணியின் வலது கார்னர் சாகர் ராட்டி 82 டேக்கிள் புள்ளிகள் எடுத்தார். பாட்னா பைரேட்ஸ் அணியின் ஈரானிய இடது கார்னர் முகமதுரேசா ஷாத்லூயி மட்டுமே 89 புள்ளிகளுடன் அவருக்கு முன்னிருந்தார். அடுத்தடுத்த சீசன்களில் சாகருக்கு இணையாக இடது கார்னரில் சாஹில் குலியா ஆடினார்.

2022-இல் ஒன்பதாவது சீசனுக்கு முன் தலைவாஸ் 2.26 கோடி ரூபாய் கொடுத்து ரைடர் பவன் ஷெராவத்தை வாங்கியது. அவர் முதல் ஆட்டத்திலேயே காயமடைந்தார். ஆயினும் தலைவாஸ் அந்த ஆண்டில்தான் முதன்முறையாக அரையிறுதியை எட்டியது. இளம் ரைடர் நரேந்தர் அந்த சீசனில் 240-க்கும் மேற்பட்ட ரைடு புள்ளிகளைக் குவித்தார். அப்படியானால் வெற்றியில் ரைடரின் பங்கு எவ்வளவு, கார்னர் இணையின் பங்கு எவ்வளவு? டேக்கிள் புள்ளிகளைக் கூட்டிப் பார்ப்பதால் மட்டும் இதற்கு விடை கிடைக்காது.

பனி ஹாக்கி கற்றுத் தந்த பாடம்

இதே சிக்கலை வட அமெரிக்காவின் பனி ஹாக்கி பல ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டது. அந்த ஆட்டத்தில் கோல் காப்பாளரைத் தவிர ஐந்து பேர் பனித்தளத்தில் இருப்பர். அவர்களில் இருவர் தடுப்பாட்ட இணை. ஓர் அணி பொதுவாக ஆறு தடுப்பாட்டக்காரர்களை மூன்று இணைகளாகப் பிரித்து, ஒரு நிமிடத்துக்கும் குறைவான இடைவெளியில் மாற்றி மாற்றிக் களமிறக்கும்.

பழைய அளவுகோல் எளியது. ஒரு வீரர் தளத்தில் இருக்கும்போது அவருடைய அணி கோல் அடித்தால் கூட்டல் ஒன்று. வாங்கினால் கழித்தல் ஒன்று. ஆனால் கோல்கள் அரிதாகவே விழுகின்றன. கோல் காப்பாளரின் திறமையும் அதிர்ஷ்டமும் அந்தக் கணக்கைக் குலைத்துவிடும். ஆகவே ஆய்வாளர்கள் கோலுக்குப் பதிலாக, கோலை நோக்கி அடிக்கப்பட்ட எல்லா முயற்சிகளையும் எண்ணத் தொடங்கினர். பஃபலோ சேபர்ஸ் அணியின் கோல் காப்பாளர் பயிற்சியாளராக இருந்த ஜிம் கோர்சியின் பெயரால் அது கோர்சி என வழங்கப்படுகிறது. பின்னர் ஒவ்வொரு முயற்சியும் எந்த இடத்திலிருந்து, எந்த வகையில் அடிக்கப்பட்டது என்பதைக் கொண்டு அது கோலாவதற்கான வாய்ப்பை மதிப்பிடும் முறை வந்தது.

இணைகளை அளக்க அவர்கள் கையாண்ட முறை இன்னும் நேரடியானது. இருவரும் சேர்ந்து ஆடிய நேரம், முதலாமவர் மட்டும் ஆடிய நேரம், இரண்டாமவர் மட்டும் ஆடிய நேரம் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அணி எப்படி ஆடியது என்று ஒப்பிடுவதே அது. சேர்ந்து ஆடும்போது அணி மேம்பட்டு, பிரிந்தபோது இருவரும் தளர்ந்தால், இணைக்கு உண்மையான பயன் உண்டு. ஒருவர் பிரிந்த பின்னும் நன்றாக ஆட, மற்றவர் மட்டும் சரிந்தால், சுமையைத் தூக்கியவர் யார் என்பது விளங்கும்.

கபடிக்கு மாற்றினால்

கபடியில் இந்தக் கணக்கின் அடிப்படை அலகு ஒரு ரைடு. எதிரணியின் ஒவ்வொரு ரைடிலும் தடுப்பணி பெற்ற புள்ளியிலிருந்து இழந்த புள்ளியைக் கழித்தால் நிகரம் கிடைக்கும். யார் பிடித்தார் என்ற கேள்வியே இதில் எழாது; களத்தில் யார் யார் இருந்தனர் என்பது மட்டுமே பதிவாகும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். இரு கார்னர்களும் களத்தில் இருந்த 200 ரைடுகளில் அணி 100 புள்ளிகளை இழந்து 80 பெற்றது எனக் கொள்வோம். அதாவது 100 ரைடுகளுக்கு 10 புள்ளி நிகர இழப்பு. இடது கார்னர் இல்லாத 100 ரைடுகளில் 58 இழந்து 28 பெற்றது. நிகர இழப்பு 30. இடது கார்னர் இருப்பதால் 100 ரைடுகளுக்கு 20 புள்ளிகள் மிச்சமாவதுபோல் தோன்றுகிறது.

இந்த முறைக்கு மற்றொரு நன்மையும் உண்டு. ரைடர் புள்ளியின்றித் திரும்பும் வெற்று ரைடில் எந்தத் தடுப்பாட்ட வீரருக்கும் பெயர் கிடைப்பதில்லை. ஆனால் தொடர்ந்து இரு வெற்று ரைடுகள் நேர்ந்தால் மூன்றாவது ரைடு கட்டாய ரைடாகிறது. அதில் புள்ளி எடுக்காவிட்டால் ரைடரே வெளியேற வேண்டும். இருமுறை அச்சுறுத்தித் திருப்பியனுப்பும் கார்னர் இணை, மூன்றாம் முறை அவரை வலைக்குள் வரவழைக்கிறது. ரைடு வாரியான கணக்கு அந்த உழைப்பையும் எடைபோடுகிறது.

கபடிக்கே உரிய பொறி

எனினும் பனி ஹாக்கியின் முறையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பனி ஹாக்கியில் இடது வீரர் வெளியே வந்தால் அவருடைய இடத்தில் வேறொருவர் இறங்குவார், எண்ணிக்கை மாறாது. கபடியில் கார்னர் களத்தில் இல்லை என்றால் பெரும்பாலும் அவர் ஆட்டமிழந்து வெளியே அமர்ந்திருக்கிறார் என்றே பொருள். அப்போது அணியில் ஆட்களே குறைவு. எனவே மேற்கண்ட 20 புள்ளி வித்தியாசத்தில் கார்னரின் பங்கு எவ்வளவு, ஆள் குறைவின் பங்கு எவ்வளவு என்பது கலந்து கிடக்கிறது.

ஆள் எண்ணிக்கை மாறும்போது விதியும் மாறுகிறது. தடுப்பணியில் ஆறு பேருக்குக் குறைந்தால் போனஸ் புள்ளி கிடையாது. மூவரோ அதற்குக் குறைவானவர்களோ இருக்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள். ஒன்றுக்குப் பதில் இரண்டு புள்ளிகள். ஆகவே ஒரே எண்ணிக்கையில் ஆட்கள் இருந்த ரைடுகளை மட்டுமே ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும்.

அதே கற்பனைக் கணக்கில் ஐவர் மட்டும் களத்தில் இருந்த ரைடுகளைப் பிரித்தெடுப்போம். இரு கார்னர்களும் அந்த ஐவரில் இருந்த 50 ரைடுகளில் நிகர இழப்பு 12. இடது கார்னர் இல்லாத 50 ரைடுகளில் 14. நூற்றுக்கு 24, 28 என்று ஆகிறது. முன்பு 20 ஆகத் தெரிந்த வித்தியாசம் 4 ஆகச் சுருங்கிவிட்டது. எதிரணியின் முதன்மை ரைடர் வந்தாரா, மாற்று ரைடர் வந்தாரா என்பதையும் இவ்வாறே பிரித்துப் பார்க்க வேண்டும்.

எண்களின் எல்லை

இவ்வாறு பிரிக்கப் பிரிக்கத் தரவு மெலிந்துகொண்டே போகும். 40 நிமிட ஆட்டத்தில் ஒரு ரைடுக்கு அதிகபட்சம் 30 விநாடி என்று கொண்டால், ஓர் அணி சுமார் 40 ரைடுகளை எதிர்கொள்ளும். 22 லீக் ஆட்டங்கள் கொண்ட சீசனில் இது ஏறத்தாழ 880. அவற்றை ஆள் எண்ணிக்கை, ரைடர், கட்டாய ரைடு என்று வகைப்படுத்தினால் ஒவ்வொரு வகையிலும் சில பத்துகளே மிஞ்சும். அத்தகைய சிறு எண்ணிக்கையில் நான்கைந்து புள்ளி வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம்.

எப்போதும் சேர்ந்தே ஆடும் இணை மற்றொரு சிக்கல். பனி ஹாக்கியில் வான்கூவர் அணியின் இரட்டைச் சகோதரர்களான ஹென்ரிக் செதின், டேனியல் செதின் ஏறக்குறைய எந்நேரமும் ஒன்றாகவே ஆடினர். இருவரும் பிரிந்து ஆடிய நேரம் மிகக் குறைவு என்பதால், யாருக்கு எவ்வளவு பெருமை என்று எந்தச் சமன்பாட்டாலும் தெளிவாகப் பிரித்துச் சொல்ல இயலவில்லை. நிலையான கார்னர் இணைக்கும் இது பொருந்தும். இணையின் மதிப்பை எண்கள் சொல்லும். பங்கீட்டைச் சொல்லத் தயங்கும்.

ஏலத்தில் எதிரொலி

வீரர் அணி மாறும்போது மட்டும் ஒரு சாளரம் திறக்கிறது. ஷாத்லூயியைப் பத்தாவது சீசனுக்கு 2.35 கோடி ரூபாய் கொடுத்து புனேரி பல்தான் வாங்கியது. அவர் 99 டேக்கிள் புள்ளிகள் எடுத்தார். அணி 2024 மார்ச் 1-ஆம் தேதி முதல் கோப்பையை வென்றது. அடுத்த சீசனில் 2.07 கோடி ரூபாய்க்கு ஹரியானா ஸ்டீலர்ஸுக்குச் சென்றார். அந்த அணியும் முதல் கோப்பையை வென்றது. புதிய அணியில், புதிய துணைகளோடும் பயன் தொடர்ந்தது என்பது அவருக்குச் சாதகமான சான்று. ஆனாலும் அவர் வாங்கியது தனியாளாகப் பெற்ற கோப்பை அன்று. அவரோடு சேர்ந்து நின்ற மறுமுனைக் கார்னர்களுக்கும் கவர் வீரர்களுக்கும் அந்தப் பட்டியலில் உரிய இடம் உண்டா என்பதே கேள்வி.

இந்தக் கணக்குக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஊர்ப் போட்டி நடத்தும் பயிற்சியாளரும் ஒரு குறிப்பேட்டில் ஐந்து பத்திகளில் எழுதிவைக்கலாம்: ரைடு எண், களத்தில் இருந்தவர்கள், வந்த ரைடர், பெற்ற புள்ளி, இழந்த புள்ளி. பத்து ஆட்டங்கள் முடிந்ததும் அதைப் புரட்டினால், பட்டியலில் பெயரே வராத ஒரு கார்னர் களத்தில் இருந்த வேளைகளில் எதிரணி எத்தனை முறை வெறுங்கையோடு திரும்பியது என்பது அதில் எழுதப்பட்டிருக்கும்.