ஃபோர் லோவில் வண்டி திணறுகிறதா? ஜாப் கார்டில் எழுதும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆட்டோமேட்டிக் ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கியவர்கள் முதன்முதலாக ஃபோர் லோ போட்டதும் சொல்வது பெரும்பாலும் ஒரே புகார்தான்: "இன்ஜின் கத்துது, வண்டி நகர மாட்டேங்குது." சர்வீஸ் சென்டரில் கிடைக்கும் பதிலும் ஏறக்குறைய ஒன்றே: "ஃபோர் லோன்னா அப்படித்தான் சார் இருக்கும்." பல நேரம் அந்தப் பதில் சரி. சரியில்லாத நேரத்தில்தான் சிக்கல். நிஜமான கோளாறு ஒன்று வாரண்டி முடியும்வரை 'இயல்பு' என்ற பெயரில் தள்ளிக்கொண்டே போகும்.

முதலில் எது இயல்பு என்று பார்த்துவிடலாம். கியர்பாக்ஸுக்கும் சக்கரங்களுக்கும் நடுவில் இருக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ், ஃபோர் லோவில் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுகிறது. மாருதி ஜிம்னியில் ஏறக்குறைய இரண்டு மடங்கு, மஹிந்திரா தாரில் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அதாவது டூ ஹையில் (பின் சக்கரங்கள் மட்டும் இயங்கும் வழக்கமான நிலை) மணிக்கு 20 கிலோமீட்டர் போகும் அதே இன்ஜின் சுழற்சியில், ஃபோர் லோவில் 8 அல்லது 10 கிலோமீட்டர்தான் போகும். வேகம் வராதது கோளாறு அல்ல. மேடு ஏறாததுதான் கோளாறு. ஜிம்னியின் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் தன் முழு டார்க்கான 134 நியூட்டன் மீட்டரைத் தருவது 4000 ஆர்பிஎம்மில். காலை மெதுவாக வைத்துக்கொண்டு பாறையில் ஏறு என்றால் அது ஏறாது. டர்போ இல்லாத இன்ஜின் 1000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும்; 2200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். இதற்கு எந்த மெக்கானிக்கிடமும் மருந்தில்லை.

லீவரை டி-யிலேயே விட்டுவிடுவது இன்னொரு காரணம். ஆட்டோமேட்டிக் பெட்டி எரிபொருள் மிச்சம் பார்த்து இரண்டாவது, மூன்றாவது கியருக்குத் தாவிவிடும். செங்குத்தான மேட்டில் எல் நிலையிலோ, மேனுவல் முறையில் முதல் கியரிலோ வைத்தால்தான் ஃபோர் லோவின் பலன் தெரியும். சில வண்டிகளில் ஃபோர் லோ போட்டதும் ஆக்சிலரேட்டரின் துடிப்பை வேண்டுமென்றே மந்தமாக்கி வைத்திருப்பார்கள், பாறைமேல் வண்டி எகிறாமல் இருக்க. ஓனர்ஸ் மேனுவலைப் புரட்டிப் பார்க்க இது ஒரு நல்ல சாக்கு.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் 'பிடிப்பு கூடும்' என்று ஃபோர் லோ போட்டு ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தார்ச்சாலை, போடவே கூடாது. மேற்சொன்ன இரண்டு வண்டிகளிலும் முன் அச்சையும் பின் அச்சையும் வேறு வேறு வேகத்தில் சுழலவிடும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் போக வேண்டும். சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும், தார்ச்சாலையில் வழுக்காது. ஆக, யாரோ பிரேக்கை அழுத்திப் பிடித்திருப்பதுபோல வண்டி முரண்டு பிடிக்கும், டயர் கீச்சிடும். தொடர்ந்து ஓட்டினால் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் செயினும் ஆக்சிலும் சேதமாகும். அப்புறம் வாரண்டியில் கேட்டால் 'தவறான பயன்பாடு' என்பார்கள். அதில் நியாயமும் இருக்கும்.

இத்தனையையும் கழித்த பிறகும் திணறல் இருந்தால், ஒரே மண் பாதையில் டூ ஹையிலும் ஃபோர் லோவிலும் ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் பிக்கப் இல்லையென்றால் குற்றம் ஃபோர் லோவின்மேல் இல்லை: அடைத்த ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், டர்போ குழாயில் கசிவு, ஒட்டிக்கொண்ட பிரேக், பெரிய அளவுக்கு மாற்றிய டயர். கூடுதலாகப் போட்ட தடித்த மேட், பெடலை முழுதாக இறங்க விடாமல் தடுப்பதும் உண்டு. குனிந்து கையால் அழுத்திப் பார்க்கக் காசு செலவில்லை.

ஃபோர் லோவில் மட்டும் திணறினால் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் சுவிட்சைச் சந்தேகிக்கலாம். 'ஃபோர் லோ விழுந்துவிட்டது' என்ற தகவலை அது கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். தண்ணீர் புகுந்தோ ஒயர் அறுந்தோ அது சொல்லாமல் விட்டால், வேகக் குறைப்பில்லாத ஃபோர் ஹையில் வண்டி ஓடுவதாகவே கம்ப்யூட்டர் நினைக்கும். இன்ஜின் சுழற்சிக்கும் சக்கர வேகத்துக்கும் கணக்கு உதைக்கும். கியர் வழுக்குகிறது என்று முடிவுகட்டி கியர்பாக்ஸ், தற்காப்புக்காகச் சக்தியைக் குறைக்கும் லிம்ப் மோடுக்குப் போய்விடும். அல்லது ஃபோர் லோவில் அணைய வேண்டிய, வழுக்கலைக் கட்டுப்படுத்தும் இஎஸ்பி அணையாமல், சக்கரம் சுற்றும்போதெல்லாம் இன்ஜின் சக்தியை வெட்டிவிடும். டேஷ்போர்டில் ஃபோர் லோ விளக்கு நிலையாக எரியாமல் மினுக்கினாலோ, வழுக்கும் காரின் படம் போட்ட விளக்கு துடித்தாலோ இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்ல வேண்டும். சின்ன சுவிட்சுக்காக கியர்பாக்ஸையே இறக்கச் சொல்லி எஸ்டிமேட் வந்தால் சம்மதிக்கும் முன் யோசியுங்கள்.

நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மட்டும் சோர்ந்து, நெடுஞ்சாலை வேகத்தில் நன்றாக ஓடினால் டார்க் கன்வெர்ட்டரின் உள்ளே ஸ்டேட்டர் கிளட்ச் போயிருக்கலாம். இதை ஸ்டால் டெஸ்ட் காட்டிக்கொடுக்கும். பிரேக்கை முழுக்க அழுத்தி ஆக்சிலரேட்டரைச் சில நொடிகள் மிதிக்கும் அந்தச் சோதனையை வீட்டு வாசலில் செய்யாதீர்கள். ஆயில் கொதித்துவிடும், வண்டி பாய்ந்தும் விடும்.

உயிருக்கே ஆபத்தான சங்கதி ஒன்று பலருக்குத் தெரியாது. ஃபோர் ஹைக்கும் ஃபோர் லோவுக்கும் நடுவே ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கென்று ஒரு நியூட்ரல் உண்டு. லீவர் பாதியில் அங்கே நின்றுவிட்டால் இன்ஜின் உறுமும், வண்டி நகராது. 'இழுவையே இல்லையே' என்று கியரை பி-யில் போட்டுவிட்டு இறங்கினால், சரிவில் வண்டி உருண்டுவிடும். பி பூட்டுவது கியர்பாக்ஸைத்தான். சக்கரங்களுக்கும் அதற்கும் அந்த நேரத்தில் தொடர்பே இல்லை. ஹேண்ட் பிரேக் போடாமல் இறங்கவே கூடாது. இது ஏட்டளவு பயம் அல்ல. 2013-இல் கிரைஸ்லர் நிறுவனம் ஜீப் கிராண்ட் செரோக்கி, கமாண்டர் வண்டிகளில் சுமார் 4.69 லட்சத்தைத் திரும்ப அழைத்தது. ஓட்டுநர் தொடாமலேயே ட்ரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலுக்கு மாறி, நிறுத்திய வண்டி உருளக்கூடும் என்பதுதான் காரணம்.

இந்தியாவிலும் இதற்குச் சட்டம் இருக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2021 ஏப்ரல் முதல் வாகன் இணையதளத்தில் உரிமையாளரே இதற்காகப் புகார் பதியலாம். வண்டிக்கு ஏழு வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஆனால் வெறும் மந்தம் இதில் வராது. தானாக நியூட்ரலுக்குப் போவது போன்ற பாதுகாப்புக் குறைபாடுதான் வரும்.

மற்ற எல்லாவற்றுக்கும் வழி நுகர்வோர் சட்டம். அங்கே உங்கள் வழக்கறிஞரைவிட அதிகம் பேசப்போவது, சர்வீஸ் சென்டரில் உங்கள் புகாரை எழுதும் ஜாப் கார்டு. 'வண்டி ஸ்லோ' என்று அட்வைசர் எழுதியதில் கையெழுத்துப் போட்டால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை. "ஃபோர் லோ, முதல் கியர், முழு ஆக்சிலரேட்டர், 1800 ஆர்பிஎம்முக்கு மேல் ஏறவில்லை, ஃபோர் லோ விளக்கு மினுக்குகிறது, டூ ஹையில் இயல்பு" என்று நீங்கள் கண்டதைக் கண்டபடி எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அதே வாசகத்தை அன்றே மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஸ்கேனரில் வரும் கோளாறுக் குறியீடுகளை அழிக்கும் முன் அச்செடுத்து வாங்குங்கள். அழித்த பிறகு 'எதுவும் இல்லை' என்பது சுலபமான பதில். சரியாகாத வண்டியை எடுக்கும்போது திருப்திக் கடிதத்தில் 'குறை தீரவில்லை' என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்திடுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

பெரிய டயர் போட்டிருந்தாலோ, இசியு ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் நிரலை மாற்றுவது) செய்திருந்தாலோ வாரண்டியில் உங்கள் பக்கம் பலவீனமாகும். இன்சூரன்ஸும் கைகொடுக்காது, வழக்கமான மோட்டார் பாலிசி இயந்திரப் பழுதை ஏற்பதில்லை.

டீலர் இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம். அங்கேயும் தீராவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கேதான் வழக்கு. 10 முதல் 20 லட்ச ரூபாய் வண்டிக்குக் கட்டணம் 400 ரூபாய். இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. பிழைப்புக்காகச் சொந்தமாக ஜீப் ஓட்டுபவரும் நுகர்வோர்தான். 'வணிகப் பயன்பாடு' என்று சொல்லி அவரைத் தள்ள முடியாது. குறைபாட்டைச் சோதனை செய்துதான் அறிய முடியும் என்றால் ஆணையமே பொருத்தமான ஆய்வகத்துக்கு அனுப்பலாம். நிபுணர் அறிக்கை இல்லாமல் 'தயாரிப்புக் குறை' என்று மட்டும் வாதிட்டால் வழக்கு பெரும்பாலும் நிற்காது.

என்ன கேட்பது என்பதிலும் நிதானம் வேண்டும். புது வண்டியே வேண்டும் என்று கேட்பவர்கள் அதிகம். மாருதி உத்யோக் சம்பந்தப்பட்ட 2006 வழக்கில், கிளட்ச் கோளாறுக்காக முழு வண்டியை மாற்றித் தர முடியாது, வாரண்டி என்பது பழுதான பாகத்தைச் சரிசெய்யவோ மாற்றவோதான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ட்ரான்ஸ்ஃபர் கேஸையோ கன்வெர்ட்டரையோ இலவசமாக மாற்றித் தருவது, அந்தப் பாகத்துக்குப் புதிதாக வாரண்டி, வண்டி பட்டறையில் கிடந்த நாட்களுக்கான பயணச் செலவு, மன உளைச்சலுக்கு இழப்பீடு, இவற்றைக் கேட்பது கைக்கு எட்டும் வழி. வழக்குத் தொடரக் காலக்கெடு, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். 'அடுத்த சர்வீஸில் பார்க்கலாம் சார்' என்று அவர்கள் சொல்லும்போதும் அந்தக் கெடு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.