வேகமான எஸ்டேட் கார்: கடைக்காரர் கவனிக்க வேண்டியவை

இலண்டனில் கடை நடத்தும் எம்மவருக்கு வாகனம் இரண்டு விதமாகத் தேவைப்படுகிறது. விடியற்காலை ஐந்து மணிக்குக் காஷ் அன்ட் கரிக்குப் போய் அரிசி, பருப்பு, எண்ணெய் ஏற்றி வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதே வாகனத்தில் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஏற்றிக்கொண்டு கோயிலுக்கோ, பேர்மிங்காமில் ஒரு கலியாணத்துக்கோ போக வேண்டும். வான் முதலாவதற்கு உதவும், இரண்டாவதற்கு உதவாது. ஆகவேதான் பலர் எஸ்டேட் காரை நாடுகிறார்கள். அதிலும் இளம் தம்பிமார் சாதாரண எஸ்டேட்டை விட்டுவிட்டு, டர்போ பூட்டிய, வேகம் கூடிய எஸ்டேட்டையே விரும்புகிறார்கள். அதை வாங்க வேண்டாம் என்று சொல்வது எமது நோக்கமல்ல. நல்ல வாகனந்தான். ஆனால் காஷ் அன்ட் கரி வாசலில் அவை நடத்தப்படும் விதத்தைப் பார்த்தால் சில விடயங்களை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது.

எஸ்டேட் என்றதும் எமக்கு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டந்தான் நினைவுக்கு வரும். பெயரின் பிறப்பும் கிட்டத்தட்ட அதுவே. இங்கிலாந்தின் நிலப்பிரபுக்கள் தமது கிராமத்துப் பண்ணைகளில் ஆட்களையும் சாமான்களையும் சேர்த்து ஏற்றப் பாவித்த வண்டி என்பதால் இப்பெயர் வந்தது. அமெரிக்காவில் இரயில் நிலையத்துக்குப் போய் ஆட்களையும் பெட்டிகளையும் ஏற்றிவந்ததால் ஸ்டேஷன் வாகன் என்றார்கள். சாமான் வண்டி என்று ஏளனமாகப் பார்க்கப்பட்ட இதற்கு 1994இல் ஒரு மதிப்பு வந்தது. அந்த ஆண்டு சுவீடனின் வோல்வோ நிறுவனம் பிரித்தானிய டூரிங் கார் ஓட்டப் போட்டியில் தனது 850 எஸ்டேட்டையே இறக்கியது. பந்தயத்தில் வெல்லவில்லை, பெயரை வென்றது. அதே ஆண்டு ஜேர்மனியின் அவுடி, போர்ஷேயுடன் சேர்ந்து 315 குதிரைவலுக் கொண்ட ஆர்.எஸ்.2 எஸ்டேட்டை வெளியிட்டது. இன்று வீதியில் காணும் வேகமான எஸ்டேட்டுகள் பல இவற்றின் வழிவந்தவை.

அவுடி ஆர்.எஸ். வகைகள் எமது வியாபாரத்துக்கு ஏற்றவையல்ல. எமது ஆட்கள் பெரும்பாலும் வாங்குவது ஸ்கோடா ஒக்டேவியா வீ.ஆர்.எஸ். எஸ்டேட் ஆகும். செக் நாட்டில் தயாராவது, உள்ளே எஞ்சினும் கியரும் வொக்ஸ்வாகன் குழுமத்துடையவை. இந்த நாட்டுப் பொலிசாரும் இதைப் பாவிக்கிறார்கள். 2013இல் வந்த மூன்றாம் தலைமுறையின் பெற்றோல் எஞ்சின் 2 லீற்றர், ஆரம்பத்தில் 220 குதிரைவலு, பின்னர் 245 வரை உயர்ந்தது. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைலை ஏழு செக்கனுக்குள் எட்டிவிடும். ஆசனங்களை மடிக்காமல் டிக்கி 610 லீற்றர், மடித்தால் 1,740 லீற்றர்.

இந்த 1,740 லீற்றர் என்ற எண்தான் எம்மவரை ஏமாற்றுகிறது. கனவளவு வேறு, நிறை வேறு என்பதை அரிசி விற்கும் எமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபது கிலோ அரிசி மூட்டை ஏறத்தாழ 25 லீற்றர் இடம் பிடிக்கும். அப்படியானால் மடித்த காருக்குள் கணக்குப்படி எழுபது மூட்டை அடுக்கலாம். எழுபது மூட்டை என்பது 1,400 கிலோ, அதாவது கிட்டத்தட்ட அந்தக் காரின் சொந்த நிறை. ஆனால் கார் சட்டப்படி சுமக்கக்கூடியது ஆட்களையும் சேர்த்துப் பெரும்பாலும் அரைத் தொன்னைச் சுற்றியே இருக்கும். ஆசனத்தை மடிக்காமல் டிக்கியை மட்டும் அரிசியால் நிரப்பினாலே 24 மூட்டை, 480 கிலோ வந்துவிடும். ஓட்டுநரும் உதவிக்கு ஒருவரும் ஏறினால் அளவு கடந்துவிடும். ஒவ்வொரு காரிலும் கதவடியிலோ எஞ்சின் பகுதியிலோ ஒரு சிறு தகடு ஒட்டப்பட்டிருக்கும். அதில் முதலாவது எண் ஏற்றிய சுமையோடு காரின் ஆகக்கூடிய மொத்த நிறை, கடைசி இரண்டும் முன் அச்சும் பின் அச்சும் தாங்கும் நிறைகள். எமது சுமை முழுவதும் பின் அச்சின் மேல்தான் ஏறுகிறது என்பதால் கடைசி எண்ணை மறக்கக்கூடாது. வீதியில் நிறுத்தி நிறுத்தால் 100 முதல் 300 பவுண் வரை தண்டம், பெரிதாக மீறியிருந்தால் நீதிமன்றம். மிளகாய்த்தூள், அப்பளம், முறுக்குப் பெட்டிகளுக்கு எஸ்டேட் கார் மிகப் பொருத்தம். அரிசிக்கும் எண்ணெய்க்கும் மொத்த வியாபாரியிடம் டெலிவரி கேட்பதே மேல். எமது சொந்த வியாபாரத்துக்காகச் சொல்கிறோம் என்று சிலர் நினைக்கலாம். நினைக்கட்டும், கணக்கு அதுதான்.

அடுக்கும் முறையும் முக்கியம். கனமானவை அடியில், பின் ஆசனத்தின் முதுகோடு ஒட்டி இருக்க வேண்டும். ஆசனத்தின் உயரத்துக்கு மேல் எதுவும் வரக்கூடாது. வந்தால் இடையில் கம்பித் தடுப்போ வலையோ பூட்ட வேண்டும். மணிக்கு 30 மைலில் போகும் கார் எதிலாவது மோதிப் பத்தில் ஒரு செக்கனில் நின்றால், கட்டாமல் கிடக்கும் இருபது கிலோ மூட்டை கால் தொன்னுக்கு மேற்பட்ட விசையோடு முன்னுக்கு வரும். அதற்கு முன்னால் இருப்பது பிள்ளையின் தலை. டிக்கித் தரையில் நான்கு மூலையிலும் உள்ள வளையங்கள் அலங்காரத்துக்கல்ல, பட்டி போட்டுக் கட்டுவதற்காகவே வைத்திருக்கிறார்கள்.

இனி எஞ்சினுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஏ-40 கார்களும் மொறிஸ் மைனர்களும் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடியதை எம்மில் பலர் கண்டிருக்கிறோம். அந்தப் பழக்கத்தில் வந்தவர்களுக்குக் கார் என்றால் எதையும் பொறுத்துக்கொள்ளும் என்ற நினைப்பு இன்னும் உண்டு. டர்போ எஞ்சின் பொறுக்காது. புகையின் வேகத்தில் சுழலும் அந்தச் சிறு சக்கரம் நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது, அதைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. எண்ணெய் கெட்டால் டர்போ கெடும். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த உடனேயே மிதிப்பதும், மோட்டார் பாதையில் பறந்து வந்து அந்தக் கணமே திறப்பைத் திருப்பி நிறுத்துவதும் அந்தப் படலத்துக்குச் செய்யும் கேடு. கடைசி ஓரிரு மைலை அமைதியாக ஓட்டி வந்தால் போதும்.

ஸ்கோடாவில் எண்ணெய் மாற்ற இரண்டு முறைகள் உண்டு. ஒன்று கார் தானாகக் கணக்கிட்டு இரண்டு வருடம் வரை நீட்டும் முறை. மற்றது வருடம் ஒரு தடவை அல்லது சுமார் 10,000 மைல் என்ற நிலையான முறை. நீட்டும் முறை நீண்ட தூரம் ஒரே சீராக ஓடும் காருக்கானது. வீட்டிலிருந்து கடைக்கு இரண்டு மைல், கடையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரு மைல் என்று ஓடும் எமது கார்களுக்கு நிலையான முறையே சரி. எண்ணெயும் தயாரிப்பாளர் சொன்ன தரமாக இருக்க வேண்டும். போத்தலின் பின்புறத்தில் வொக்ஸ்வாகன் 504 00 போன்ற தர எண் அச்சிடப்பட்டிருக்கும், உங்கள் காரின் கையேட்டில் உள்ள எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும். மலிவு விலைப் போத்தலில் மிஞ்சும் பத்துப் பவுணுக்காக டர்போவைப் பணயம் வைப்பது வியாபாரிக்கு அழகல்ல.

டீசல் வீ.ஆர்.எஸ். எடுத்தால் எரிபொருள் மிஞ்சும் என்பார்கள். நாள்தோறும் மோட்டார் பாதையில் ஓடுபவருக்கு அது உண்மை. குறுகிய ஓட்டம் ஓடுபவருக்குப் புகைக்கரி வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அது நன்றாகச் சூடேறிக் கரியை எரித்துத் தள்ள இடைவிடாத நல்ல ஓட்டம் வேண்டும், கடைத்தெருவில் அது கிடைக்காது. வடிகட்டியைக் கழற்றிவிடலாம் என்று ஆலோசனை சொல்லும் கராஜ்காரரும் இருக்கிறார்கள். கழற்றிய கார் எம்.ஓ.ரி. பரிசோதனையில் தோற்கும். டீசலில் இன்னொரு கணக்கும் உண்டு. 2023 ஆகஸ்ட் 29 முதல் யூலெஸ் வலயம் இலண்டனின் எல்லாப் பகுதிகளுக்கும் விரிந்துவிட்டது. பெற்றோல் கார் யூரோ 4, டீசல் கார் யூரோ 6 தரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிடில் ஓடும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண். இரண்டாம் தலைமுறை டீசல் வீ.ஆர்.எஸ். 2013 வரை விற்றது, யூரோ 6 அல்ல. மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கி வருடத்தில் 300 நாள் கடைக்கு ஓடினால் 3,750 பவுண் கட்ட வேண்டும். மலிவின் இரகசியம் அதுதான்.

பழைய கார் வாங்குவோர் தலைமுறைக்குத் தலைமுறை பலவீனம் வேறு என்பதை அறிய வேண்டும். இரண்டாம் தலைமுறையின் ஆரம்பப் பெற்றோல் எஞ்சினில் உயர் அழுத்த எரிபொருள் பம்பைத் தள்ளும் சிறு கிண்ணம் தேய்ந்து கெடும். அதற்குப் பின் வந்த சங்கிலி எஞ்சின்களின் முற்பகுதியில் சங்கிலியை இறுக்கும் உறுப்புத் தளர்ந்து, எஞ்சினையே அழித்த சம்பவங்கள் உண்டு. மூன்றாம் தலைமுறையில் பிளாஸ்ரிக் கூட்டுக்குள் இருக்கும் தண்ணீர்ப் பம்பு கசியும். டீசலில் டைமிங் பெல்ற்றைத் தவணைக்கு மாற்றாவிட்டால் அறுந்து வால்வுகளும் பிஸ்ரன்களும் மோதும். டி.எஸ்.ஜி. என்னும் தானியங்கிக் கியர் உள்ள வீ.ஆர்.எஸ். வாங்கினால், ஈரக் கிளச் உள்ள அந்த வகைக்கு 40,000 மைலுக்கு ஒரு தடவை கியர் எண்ணெய் மாற்ற வேண்டும். விற்பவர் சேர்விஸ் புத்தகத்தில் முத்திரைகளைக் காட்டுவார். முத்திரை போதாது, பற்றுச்சீட்டைக் கேளுங்கள். எந்த எண்ணெய், எத்தனை லீற்றர், எந்தத் திகதி என்பது பற்றுச்சீட்டில்தான் இருக்கும். சரக்குக்கு இன்வொய்ஸ் இல்லாமல் நாம் கொள்முதல் செய்வதில்லையே.

பிரேக்குக்கும் ரயருக்கும் வேகம் இரண்டு மடங்கானால் வேலை நான்கு மடங்கு. 30 மைலில் போகும் காரை நிறுத்துவதற்கும் 60 மைலில் போவதை நிறுத்துவதற்கும் உள்ள வித்தியாசம் அது, அதன்மேல் சுமையும் சேர்கிறது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும். ரயருக்குக் காற்று அளவு பெற்றோல் மூடியின் உட்புறத்திலோ கதவடியிலோ ஒட்டியிருக்கும். வெறும் காருக்கு ஒரு அளவு, சுமையேற்றிய காருக்குக் கூடிய அளவு என இரண்டு போட்டிருப்பார்கள். சுமை ஏற்றும் நாளில் இரண்டாவதைப் பார்க்க வேண்டும். ரயர்ப் பள்ளம் சட்டப்படி 1.6 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. மழை நாட்டில் 3 மில்லிமீற்றரிலேயே மாற்றுவது புத்தி. சட்டத்துக்குக் குறைந்த ஒவ்வொரு ரயருக்கும் 2,500 பவுண் வரை தண்டமும் மூன்று புள்ளிகளும் உண்டு.

காப்புறுதிதான் எம்மவர் பெரிதும் சறுக்கும் இடம். சொந்தப் பாவனைக்கும் வேலைக்குப் போய்வருவதற்கும் எடுத்த காப்புறுதி, கடைக்குச் சரக்கு ஏற்றுவதற்குப் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். என்ன ஏற்றுகிறோம், எதற்கு ஏற்றுகிறோம் என்பதை எழுத்தில் சொல்லி வியாபாரப் பாவனை சேர்க்க வேண்டும். எஞ்சின் கணினியில் மாற்றம் செய்து வலுவைக் கூட்டியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் விபத்து நடந்த அன்றுதான் பத்திரத்தின் பெறுமதி தெரியும்.

பத்தொன்பது வயது மகனுக்கு வேகமான காரின் காப்புறுதி எட்டாது என்று தகப்பனார் தன்னைப் பிரதான ஓட்டுநர் என்று காட்டி, மகனை இரண்டாவதாகப் போடும் வழக்கம் பரவலாக உண்டு. நாள்தோறும் ஓட்டுபவர் மகன் என்றால் சட்டத்தின் கண்ணில் அது மோசடி. காப்புறுதி செல்லாது என்று ஆனால் ஓட்டியவர் காப்புறுதியின்றி ஓட்டியவராவார், அதற்கு ஆறு புள்ளிகள். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரம் பெற்று முதல் இரண்டு வருடத்துக்குள் ஆறு புள்ளிகள் சேர்ந்தால் பத்திரம் பறிபோகும். மீண்டும் பழகுநராகத் தொடங்கிப் பரீட்சை எழுத வேண்டும். தேய்ந்த ரயர் இரண்டு இருந்தாலும் அதே ஆறு புள்ளிகள் வரும். அப்பா ரயரைப் பார்க்காமல் திறப்பைக் கொடுத்தால் புள்ளி மகனுக்கு.

வரி பற்றியும் ஒரு சொல். 2017 ஏப்ரலுக்குப் பின் பதிவான காரின் பட்டியல் விலை 40,000 பவுணுக்கு மேல் இருந்தால், இரண்டாம் வருடத்திலிருந்து ஐந்து வருடங்களுக்கு வீதி வரியோடு மேலதிக வரியும் சேரும். இங்கே பார்க்கப்படுவது பட்டியல் விலையே, நாம் பேரம் பேசிக் கொடுத்த விலையல்ல. பழையதாக வாங்கினாலும் மீதி வருடங்களுக்கு அந்த வரி புதிய சொந்தக்காரரையே தொடரும். வற் வரியைப் பொறுத்தவரை, குடும்பப் பாவனையும் உள்ள காரின் கொள்விலையில் வற்றை மீளப் பெற முடியாது. வியாபாரத்துக்குப் பாவிக்கும் வாகனத்தின் திருத்த வேலைகளுக்குக் கட்டிய வற்றை மீளப் பெற இடமுண்டு. கராஜில் பற்றுச்சீட்டுக் கேட்கும்போது அதில் வற் இலக்கம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கவும்.