கம்பெனி பேரை முடிவு பண்றதுக்கு முன்னாடி இந்த 4 இடத்துல தேடிப் பாருங்க!

மாசச் சம்பளம் வாங்கிட்டே சனி, ஞாயிறுல ஒரு சின்ன பிசினஸ் பண்றவங்க நம்மில் நிறைய பேர் இருக்கோம். சிறுதானிய ஸ்நாக்ஸ், கைத்தறிப் புடவை, ஆன்லைன் டியூஷன், மொபைல் ஆப்னு ஏதோ ஒண்ணு. ஆர்டர் கொஞ்சம் சூடு பிடிச்சதும் அடுத்து வர்ற ஆசை, "ஒரு கம்பெனியா ரிஜிஸ்டர் பண்ணிடலாமே"ங்கறதுதான்.

அங்கேதான் ஒரு அவசரம் வரும். பேர் மனசுக்குப் பிடிச்சுப் போச்சுன்னா உடனே லோகோ, பாக்கெட் கவர், விசிட்டிங் கார்டு, இன்ஸ்டாகிராம் பேஜ்னு செலவு ஆரம்பிச்சிடும். அந்தப் பேர் நமக்குக் கிடைக்குமாங்கற கேள்வியைக் கடைசியில கேட்போம். அடிச்ச கவர் எல்லாம் குப்பைக்குப் போனா, போறது உங்க சேமிப்புப் பணம். தேடிப் பார்க்க ஆகற செலவோ ஏறக்குறைய பூஜ்யம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போதும். எப்படித் தேடணும்னு வரிசையா பார்க்கலாம்.

ஒரே பேர், நாலு பதிவேடு

முதல்ல இதைப் புரிஞ்சுக்கோங்க. நம்ம நாட்டுல "பிசினஸ் பேர்"னு எல்லாத்துக்கும் பொதுவா ஒரே பதிவேடு கிடையாது.

கம்பெனி, எல்எல்பி பேர்கள் மத்திய அரசோட கார்ப்பரேட் விவகார அமைச்சகத்துக்குக் கீழ வருது. இதைத்தான் எம்சிஏன்னு சொல்றோம். பிராண்டு பேர், லோகோ எல்லாம் 1999ஆம் வருஷ ட்ரேட்மார்க் சட்டப்படி ட்ரேட்மார்க் பதிவகத்துல இருக்கு. வெப்சைட் பேர், அதாவது டொமைன், யார் முதல்ல வாங்கறாங்களோ அவங்களுக்கு. இது எதுலயும் பதிவு பண்ணாமலே பல வருஷமா ஒரு பேர்ல வியாபாரம் பண்றவங்க தனி. அவங்களுக்கும் சட்டத்துல பாதுகாப்பு இருக்கு.

ஒரு இடத்துல பேர் காலியா இருந்தா மத்த மூணு இடத்துலயும் காலின்னு அர்த்தம் இல்ல. நாலையும் பார்க்கணும்.

1. எம்சிஏ தளம்

எம்சிஏ வெப்சைட்டுல கம்பெனி பேர் தேடற வசதி இலவசமா இருக்கு. பேரோட முக்கியமான சொல்லை மட்டும் போட்டுத் தேடுங்க. "பிரைவேட் லிமிடெட்"டை எல்லாம் சேர்க்க வேண்டாம்.

அச்சு அசலா அதே பேர் வரலைன்னா சந்தோஷப்பட்டுடாதீங்க. 2013ஆம் வருஷ கம்பெனிச் சட்டம், "ரொம்ப நெருக்கமா ஒத்துப்போற" பேரையும் தடுக்குது. எது நெருக்கம்னு கம்பெனி பதிவு விதிகள்ல 8ஆவது விதி விளக்கமா சொல்லுது. "கதிர் ஃபுட்ஸ்"னு ஒரு கம்பெனி ஏற்கெனவே இருக்குன்னு வச்சுக்கோங்க. அப்போ கீழே இருக்கற சின்னச் சின்ன மாத்தம் எதுவும் செல்லாது.

- ஒருமையைப் பன்மையாக்கறது, பன்மையை ஒருமையாக்கறது: "கதிர் ஃபுட்"
- இடைவெளி, புள்ளி, கோடு போடறது: "கதிர்-ஃபுட்ஸ்"
- உச்சரிப்பு அப்படியே இருக்க, ஸ்பெல்லிங்கை மட்டும் மாத்தறது
- கடைசியில "டாட் காம்" ஒட்டறது
- ஊர் பேரைச் சேர்க்கறது: "கதிர் மதுரை ஃபுட்ஸ்"
- சொற்களோட வரிசையை மாத்தறது
- முழுப் பேரையும் ஹிந்தியிலயோ ஆங்கிலத்துலயோ மொழிபெயர்க்கறது: "பச்சை இலை" இருந்தா "கிரீன் லீஃப்"பும் அதே பேர்தான்

"இந்தக் கம்பெனியை மூடிட்டாங்களே, நான் எடுத்துக்கலாமே"ன்னு நினைச்சா, அதுக்கும் கணக்கு இருக்கு. பதிவேட்டுல இருந்து நீக்கப்பட்ட கம்பெனியோட பேரை, அரசிதழ்ல வெளியான தேதியில இருந்து 20 வருஷத்துக்கு வேற யாரும் எடுக்க முடியாது.

சில சொற்களுக்குத் தனி அனுமதி வேணும். பேங்க், இன்சூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்ட், ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் மாதிரி சொல் வந்தா, அந்தந்தத் துறையைக் கண்காணிக்கற அமைப்போட அனுமதி தேவை. நேஷனல், யூனியன், சென்ட்ரல், கமிஷன், போர்டு மாதிரி சொற்களுக்கு மத்திய அரசோட முன் அனுமதி தேவை. "கெத்தா இருக்கே"ன்னு இந்தச் சொற்களைச் சேர்க்காதீங்க.

2. ட்ரேட்மார்க் தேடல்

நிறைய பேர் தவறவிடற படி இது. ட்ரேட்மார்க் பதிவகத்தோட பொதுத் தேடல் பக்கமும் இலவசம்தான். பொருளும் சேவையும் மொத்தம் 45 வகுப்புகளா பிரிஞ்சிருக்கு. 1ல இருந்து 34 வரைக்கும் பொருள்கள், 35ல இருந்து 45 வரைக்கும் சேவைகள். ஊறுகாய், உலர் பழம்னா 29. மாவு, மசாலா, பிஸ்கட்னா 30. துணிமணி 25. டவுன்லோடு பண்ற ஆப் 9, கல்வி 41, உணவகம் 43. உங்க தொழில் எந்த வகுப்புல வருதோ அதுலயும், அதை ஒட்டின வகுப்புகள்லயும் தேடுங்க.

சொல்லா தேடறது ஒரு வகை, உச்சரிப்பை வச்சுத் தேடறது இன்னொரு வகை. ரெண்டையும் பண்ணுங்க. தமிழ்ப் பேர் வைக்கறவங்க இதுல கூடுதல் கவனமா இருக்கணும், ஏன்னா ஒரே பேரை ஆங்கிலத்துல ஆளாளுக்கு ஒரு விதமா எழுதுவாங்க. "கதிர்"ல வர்ற "தி"க்கு ஒருத்தர் வெறும் "டி" போடுவார், இன்னொருத்தர் "டி, ஹெச்" போடுவார். "வாழை"யில வர்ற "ழ"வுக்கு "இஸட், ஹெச்" போடறவங்க உண்டு, "எல்" போடறவங்களும் உண்டு. எல்லா ஸ்பெல்லிங்கையும் போட்டுப் பாருங்க.

ரிசல்ட்ல "அப்ஜெக்டட்", "அப்போஸ்டு"ன்னு நிலை இருந்தா அந்த விண்ணப்பம் செத்துப்போச்சுன்னு நினைக்காதீங்க. அது இன்னும் உயிரோடதான் இருக்கு. பதிவான ட்ரேட்மார்க் மட்டும் இல்ல, விண்ணப்பம் நிலுவையில இருக்கற ட்ரேட்மார்க்கோட பேரையும் உரிமையாளரோட சம்மதம் இல்லாம கம்பெனி பேரா வைக்க முடியாது.

3. டொமைனும் சோஷியல் மீடியாவும்

டாட் இன், டாட் காம் ரெண்டும் கிடைக்குதான்னு பாருங்க. அதே பேர்ல இன்ஸ்டாகிராம், யூடியூப் ஐடி இருக்கான்னும் பாருங்க. ஆனா டொமைன் கையில இருந்தா பேரே நம்மளுதுன்னு ஆகிடாது. சென்னையைச் சேர்ந்த சிஃபி நிறுவனத்தோட வழக்கு இதுக்கு நல்ல உதாரணம். "சிஃபி"ங்கற பேரை சத்யம் இன்ஃபோவே 1999ல இருந்து பயன்படுத்திட்டு வந்தது. "சிஃபிநெட்"னு கிட்டத்தட்ட அதே பேர்ல இன்னொரு நிறுவனம் டொமைன் வாங்கினது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 2004ல சத்யம் இன்ஃபோவேக்குச் சாதகமா தீர்ப்பு வந்தது. டொமைன் பேருக்கும் ட்ரேட்மார்க் மாதிரியே பாதுகாப்பு உண்டுன்னு அந்தத் தீர்ப்பு சொல்லுது.

4. சந்தையில ஏற்கெனவே இருக்கறவங்க

கூகுள், கூகுள் மேப்ஸ், அமேசான், ப்ளே ஸ்டோர்ல தேடுங்க. பதிவே பண்ணாம 10 வருஷமா அதே பேர்ல கடை நடத்தறவர் இருந்தா, "எனக்குப் பிறகு வந்து என் பேரைப் பயன்படுத்தறாங்க"ன்னு உங்க மேல கேஸ் போட முடியும்.

"இது என் சொந்தப் பேர், குடும்பப் பேர்"னு சொன்னா தப்பிச்சிடலாம்னு நினைக்கிறீங்களா? மகேந்திரா அண்ட் மகேந்திரா பேப்பர் மில்ஸ் மேல மஹிந்திரா அண்ட் மஹிந்திரா போட்ட வழக்கைப் படிச்சுப் பாருங்க. ஒருத்தர் பேப்பர், இன்னொருத்தர் ஜீப், டிராக்டர். அப்படியும் பேப்பர் மில்லுக்கு விதிச்ச தடையை 2001ல சுப்ரீம் கோர்ட் உறுதி பண்ணிடுச்சு.

விண்ணப்பம்: எவ்வளவு செலவு, எத்தனை நாள்?

நாலு இடத்துலயும் தேறின பேர் ரெண்டு கையில இருக்கட்டும். புதுக் கம்பெனிக்கு எம்சிஏ தளத்துல "ஸ்பைஸ் பிளஸ்" படிவத்தோட முதல் பகுதியில பேருக்கு விண்ணப்பிக்கணும். கட்டணம் 1,000 ரூபாய். ரெண்டு பேர் வரைக்கும் கொடுக்கலாம்.

பேர் கிடைச்சா 20 நாள் வரைக்கும் உங்களுக்காக ஒதுக்கி வைப்பாங்க. அதுக்குள்ள ரெண்டாவது பகுதியை முடிச்சு கம்பெனியைப் பதிவு பண்ணணும். முடியலைன்னா கூடுதல் கட்டணம் கட்டி மொத்தம் 60 நாள் வரைக்கும் நீட்டிக்கலாம். அதனால டிஜிட்டல் கையெழுத்து, ஆபீஸ் முகவரிக்கான ஆவணம், பார்ட்னரோட பான், ஆதார் எல்லாத்தையும் ரெடி பண்ணிட்டுப் பேருக்கு விண்ணப்பிங்க. ஒதுக்கின பிறகு ஓட ஆரம்பிச்சா 20 நாள் பறந்துடும்.

எம்சிஏ ஓகே சொல்லிட்டா முடிஞ்சதா?

முடியல. கம்பெனி பதிவான பிறகும், ட்ரேட்மார்க் உரிமையாளர் 3 வருஷத்துக்குள்ள புகார் கொடுத்தா, கம்பெனிச் சட்டம் 16ஆவது பிரிவுப்படி பேரை மாத்தச் சொல்லி உத்தரவு வரலாம். உத்தரவு வந்தா 3 மாசத்துக்குள்ள மாத்தணும். மாத்தலைன்னா, 2021 செப்டம்பர்ல இருந்து ஒரு விதி இருக்கு. அரசாங்கமே உங்க கம்பெனிக்கு ஒரு பேர் வச்சிடும். "உத்தரவை நிறைவேற்றவில்லை"ங்கறதைக் குறிக்கற சில ஆங்கில எழுத்து, வருஷம், ஒரு வரிசை எண், இதுதான் அந்தப் பேர்! பேங்க் அக்கவுண்ட், ஜிஎஸ்டி, இன்வாய்ஸ் எல்லாத்துலயும் அந்தப் பேரைத் தூக்கிட்டு அலையணும்.

பேருக்காக மட்டும் கம்பெனி வேண்டாம்

சம்பளக்காரங்களுக்கு இதுதான் முக்கியமான பாயிண்ட். "யாராவது பேரைத் தூக்கிடுவாங்க"ங்கற பயத்துல அவசரமா பிரைவேட் லிமிடெட் ஆரம்பிக்காதீங்க. கம்பெனின்னா ஒரு ரூபாய் வருமானம் இல்லைன்னாலும் வருஷா வருஷம் ஆடிட், ரிட்டர்ன் எல்லாம் கட்டாயம். விட்டா அபராதம்.

பேரைக் காப்பாத்தறதுதான் உங்க நோக்கம்னா ட்ரேட்மார்க் போதும். தனிநபர் ஆன்லைன்ல விண்ணப்பிச்சா ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். கம்பெனியே இல்லாம உங்க பேர்லயே எடுக்கலாம். "இனிமேல்தான் பயன்படுத்தப் போறேன்"னு சொல்லிக்கூட விண்ணப்பிக்கலாம். பதிவானா 10 வருஷம் செல்லும், அப்புறம் புதுப்பிச்சுக்கலாம். பிசினஸ் வளர்ந்து கம்பெனி ஆரம்பிக்கும்போது நீங்களே சம்மதக் கடிதம் கொடுத்து அதே பேரை எடுத்துக்கலாம்.

அதே மாதிரி, கம்பெனி பேரும் பிராண்டு பேரும் ஒண்ணா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. பேடிஎம் நடத்தற கம்பெனியோட பேர் ஒன்97 கம்யூனிகேஷன்ஸ். நைக்காவோடது எஃப்எஸ்என் இ-காமர்ஸ் வென்ச்சர்ஸ். பிடிச்ச பேர் ட்ரேட்மார்க்ல காலியா இருந்து எம்சிஏல மட்டும் இடிச்சா இந்த வழியையும் யோசிங்க.

இன்னொரு விஷயம். டைரக்டராகறதுக்கு முன்னாடி உங்க ஆபர் லெட்டரை ஒரு தடவை எடுத்துப் படிங்க. வேற தொழில் பண்ணக்கூடாதுன்னு நிபந்தனை இருந்தா ஹெச்ஆர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்கிடுங்க. கம்பெனி டைரக்டர்களோட பேர் பொதுவுல யார் வேணும்னாலும் பார்க்கற மாதிரிதான் இருக்கும்.

இந்த வார இறுதியில ஒரு நோட்டு எடுங்க. பிடிச்ச 5 பேரை எழுதுங்க. பக்கத்துல எம்சிஏ, ட்ரேட்மார்க், டொமைன், சந்தைன்னு நாலு கட்டம் போட்டு ஒவ்வொண்ணா டிக் பண்ணுங்க. நாலு டிக் விழுந்த பேருக்கு மட்டும் லோகோ டிசைனருக்கு அட்வான்ஸ் கொடுங்க. தேடறப்போ எங்கேயாவது சந்தேகம் வந்தா கமென்ட்ல கேளுங்க, அடுத்த வீடியோவுல பேசலாம்!